மலைக்கு எடுத்து வைத்த வேட்டி

என் வாய் பொல்லாதது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகித் திருத்தணிக்குப் பக்கத்திலிருக்கும் இந்த ஊருக்கு வந்த புதிதில், என் மாமியார் அதைப் பற்றி என் நைனாவிடமே புகார் சொன்னார். நைனா சிரித்துவிட்டு, "தறி சத்தத்துல வளந்த பொண்ணு. கத்திப் பேசினாத்தான் அங்க காதுல வுழும்" என்றார். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் குணம்.

அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் பவர்லூம் ஓடும். பெல்ட்டும் சக்கரமும் திறந்தபடியே சுற்றும். நாங்கள் உள்ளே போகும்போது அம்மா வாசலிலேயே மறித்து மேலும் கீழும் பார்ப்பாள். தாவணி முனை செருகியிருக்க வேண்டும், பின்னல் கொண்டையாகியிருக்க வேண்டும். தொங்கினால் அடிதான், விளக்கமெல்லாம் கிடையாது. அதனால் சுற்றுகிற எதன் பக்கத்திலாவது துணி தொங்கக் கண்டால் இன்றும் என் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் மாவு அரைக்கும் பெண்ணின் முந்தானையைக் கூட, கேட்காமல் கொள்ளாமல் நானே போய்ச் செருகிவிட்டு வருவேன்.

என் கணவர் டிராக்டர் வைத்திருக்கிறார். உழுவதற்கும் கரும்பு ஏற்றுவதற்கும் போய்வந்தவர், சில வருஷமாக வைக்கோல் கட்டும் மிஷின் ஒன்றையும் சேர்த்து ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் இரும்பைப் பார்த்து அவருக்குப் பயமே கிடையாது. ஓடுகிற வண்டியில் ஏறுவார், சரிவில் பிரேக் போடாமல் இறங்குவார், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பார். நான் விட மாட்டேன். "யோவ், அடியில கட்டய வெச்சிட்டு படு" என்று தெருக்கோடி வரை கேட்கக் கத்துவேன். அவரும் முனகிக்கொண்டே வைப்பார். "அந்த டிராக்டருக்கு ஹார்ன் எதுக்கு, அதான் பொண்டாட்டி கீதே" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு தை மாதம் கரும்பு லோடு சேற்றில் புதைந்துகொண்டது. சங்கிலியைக் கீழே, கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். இவர் அவசரத்தில் மேலே மாட்டி இழுத்திருக்கிறார். முன் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பி வண்டி அப்படியே பின்பக்கம் சாயப் போனது. சேற்றுக் கால் வழுக்கி கிளட்ச்சில் விழுந்ததால் வண்டி திரும்பவும் தொப்பென்று முன்னால் விழுந்தது. அன்று நான் பக்கத்தில் இல்லை. அரை அடி கூடுதலாக எழும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே சொல்லும்போது உதடு வெளுத்திருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டு, மலைக்குப் புஷ்பக் காவடி எடுப்பதாக அந்தச் சேற்றிலேயே நின்று வேண்டிக்கொண்டாராம்.

ஆடி பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டார். மஞ்சள் வேட்டி, சட்டை கிடையாது, செருப்பு கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. மாலை போட்டவரை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். பெற்ற தாய்க்கும் அவர் சாமி, கட்டிய மனைவிக்கும் சாமி. சாமியிடம் குரலை உயர்த்தக் கூடாது, கடிந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. முதல் நாளே மாமியார் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னார்:

"இத பாரு, மாலய கழட்டற வரைக்கும் உன் வாய கட்டி வெய்யி. சாமிக்கு கோவம் வந்தா வூட்டுக்கு ஆவாது."

"நான் இன்னா அத்த பண்ணப் போறன்" என்றேன். கட்டியும் வைத்தேன். நானும் பக்தி இல்லாதவள் இல்லை. அந்த வேண்டுதல் அவர் உயிருக்காகச் செய்தது, அதை நான் கெடுப்பேனா?

அவர் கட்டிக்கொண்டிருந்த மஞ்சள் வேட்டி என் மாமனாருடையது. அவர் இருந்தவரை வருஷாவருஷம் காவடி எடுத்தவர். அவர் போனபிறகு மாமியார் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். நெசவு வீட்டுப் பெண்ணுக்கு அதைப் பார்க்கவே கூசியது. வெயிலில் நின்றால் துணி வழியாகக் கால் தெரியும். மடிப்பு இருந்த இடமெல்லாம் நூல் மக்கிப் போயிருந்தது. நான் அம்மையார்குப்பத்துக்குப் போன் போட்டேன். தறி ஓட்டும் என் தம்பி, "பாவாவுக்கு நானே நெய்யறன்க்கா" என்று சொல்லி, மஞ்சள் தோய்த்த இரட்டை இழை நூலில் நெருக்கி அடித்து ஒரு வேட்டி நெய்து எடுத்துவந்தான். கையில் வாங்கியதும் அதன் கனத்தை வைத்தே தெரிந்துவிட்டது.

"ஆனய கட்டி இழுத்தாலும் கிழியாதுக்கா" என்றான் தம்பி. முகமெல்லாம் பெருமை.

என் கணவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். மலைக்குப் போகிற அன்றுதான் கட்டுவாராம். வேலைக்கு அந்தப் பழையதே போதும் என்றார். தினமும் காலையில் நான் மெதுவான குரலில் கெஞ்சுவேன். "சாமி, புதுச கட்டிகினு போங்க சாமி. இதுல ஊரு சிரிக்குது." அவர் கேட்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து எழும்போது அவிழக் கூடாது என்று அந்தப் பழைய வேட்டியின் மேல் துண்டைச் சுற்றி இடுப்பில் இரண்டு முடிச்சு போட்டுக்கொண்டு கிளம்புவார். கீழே வேட்டி முனைகள் கணுக்காலில் அடித்தபடி ஆடும். அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்பது எனக்குச் சோறில்லாமல் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஆடியில் சொர்ணவாரி நெல் சீக்கிரமே அறுப்புக்கு வந்துவிட்டது. அறுவடை மிஷின் போன பிறகு கழனியில் வைக்கோல் நீளநீளமாகக் கிடக்கும். மழைக்கு முன்னால் கட்டாக்கி எடுக்க வேண்டும், நனைந்தால் கறுத்து மாடு தொடாது. ஆந்திரப் பக்கம் தினமும் சாயங்காலம் மேகம் கட்டியது. அக்கம்பக்கத்துக் கழனிக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். "சாமி, நம்ம கொல்லிய முடிச்சி குட்த்துடுங்க சாமி" என்று கும்பிட்டுக் கேட்டால் சாமி எப்படி மறுப்பார்? விரதத்தோடேயே வேலைக்குப் போனார்.

வைக்கோல் கட்டும் மிஷினுக்குத் தனி என்ஜின் கிடையாது. டிராக்டரின் பின்புறத்திலிருந்து ஓர் இரும்புத் தண்டு அதற்குப் போகிறது. ஷாஃப்ட் என்பார்கள். முழங்கால் உயரத்தில் கிடக்கும். என்ஜின் ஓடும்போது அது சுற்றுகிற வேகத்தில், சும்மா நிற்பது மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். அதுதான் அதன் கெட்ட குணம். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய் மூடி இருக்க வேண்டும். உள்ளே தண்டு சுற்றினாலும் மூடி சுற்றாது, துணியோ கையோ பட்டாலும் மேலே பட்டுவிட்டுப் போய்விடும். எங்கள் மிஷினில் அந்த மூடி விரிசல் விட்டுக் கடகடவென்று சத்தம் போட்டதால் இவர் கழற்றி, கொட்டகையில் ஆணியில் மாட்டிவிட்டார். எப்போது புதிது வாங்குவது என்று கேட்டேன்.

"கிருத்திகை முடியட்டும்" என்றார்.

எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். பேட்டரி பலவீனமாகி செல்ஃப் எடுக்காமல் வண்டியை நாலு பேர் தள்ள வேண்டியிருந்தது, அதற்கும் கிருத்திகை முடியட்டும். அதனால் காலையில் கிளப்பிய என்ஜினைச் சாயங்காலம் வரை அணைக்கவே மாட்டார்.

அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் பாய் ஒருவர் எங்களுக்கு ரொம்ப நாளாக வருகிறார். அந்த வாரம் பேரிங் மாற்ற வந்தவர், மூடியில்லாத தண்டைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் அவரும் என் கணவரை நன்றாக நாலு திட்டு திட்டுவார், அவர்களுக்குள் அந்த உரிமை உண்டு. அன்று மாலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாமி, மூடி இல்லாம ஓட்டாதீங்க. வேட்டி வேற கட்டிகினு கீறீங்க."

"ஆங் பாய், கிருத்திகை முடியட்டும்."

பாய் ஸ்பேனரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். டீ கொடுக்கப் போன என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

"போன மாசம் ஒரு ஊர்ல ஷாஃப்ட்ட கழட்ட கூப்ட்டாங்கம்மா. லுங்கி சுத்திகினு இருந்துச்சி. கயிறு மாதிரி முறுக்கி, கத்தி எறங்கல. ரம்பம் வெச்சி அறுத்தேன்."

"லுங்கி கட்டியிருந்த ஆளு?"

அவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. படுத்தால் கண்ணுக்குள் அந்தத் தண்டுதான் சுற்றும், பக்கத்தில் தரையில் படுத்திருக்கும் மனிதரின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பேன். எழுப்பி உட்காரவைத்து வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும்போல இருக்கும். கழுத்தில் மாலையைப் பார்த்ததும் அடங்கிவிடுவேன்.

கிருத்திகைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. கனகம்மாசத்திரம் ரோட்டில் மஞ்சள் துணிக்காரர்கள் காவடியோடு நடந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். அன்று ரோட்டோரக் கழனி ஒன்றில் அவருக்கு வேலை. வெயில் ஏறியதும் மோர் கரைத்து எடுத்துக்கொண்டு நானும் போனேன். மோருக்காகப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன்.

வரப்பில் நின்று பார்த்தேன். மிஷினுக்கு ஒரு பக்கத்தில் வைக்கோல் அடைத்துக்கொள்ளும், மறுபக்கத்தில் கட்டுகிற கயிறு அறுந்துபோகும். இரண்டுக்கும் இறங்கி இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது தண்டை நிறுத்த சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கைப்பிடி இருக்கிறது. நிறுத்தினால், வைக்கோல் நிறைந்த மிஷினைத் திரும்பக் கிளப்பும்போது போல்ட் அறுந்துவிடுகிறது என்று அவர் நிறுத்துவதில்லை. அதுவாவது பழைய பழக்கம். ஆனால் இதற்கு முன்னால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக மிஷினைச் சுற்றிக்கொண்டு நடப்பார். இப்போது வெறுங்கால். அறுத்த நெல் தாள் ஊசி ஊசியாக நிற்கிறது. சுற்றி நடக்காமல், டிராக்டருக்கும் மிஷினுக்கும் நடுவில், சுற்றுகிற தண்டின் மேல் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினார்.

கிட்டே ஓடினேன்.

"சாமி, சுத்திகினு போங்க சாமி. தாண்டாதீங்க."

"கால்ல குத்துதும்மா."

"குத்தினா குத்தட்டும் சாமி."

சிரித்தார். ஒரு வேளைச் சாப்பாட்டில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மோரை வாங்கிக் குடித்தார். "மழ வருது, நீ வூட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். நான் போகவில்லை. வரப்பில் ஏறி நின்றேன். மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரோட்டில் காவடிக்காரர்களின் பம்பைச் சத்தமும் இந்த என்ஜின் சத்தமும் ஒன்றாகக் கலந்து கேட்டது. அந்த நேரத்தில் கழனியில் ஆடியதெல்லாம் எனக்கு அந்த வேட்டி முனை ஒன்றுதான்.

மறுபடியும் இறங்கினார். அடைத்த வைக்கோலை இழுத்துப் போட்டார். நிமிர்ந்து மறுபக்கம் பார்த்தார், கயிறு அறுந்திருந்தது. காலைத் தூக்கினார். அப்போதுதான் மழைக்கு முன்னால் வருகிற காற்று அடித்தது. வேட்டி முனை எழும்பியது.

கட்டி வைத்திருந்த வாய் அவிழ்ந்துகொண்டது. "யோவ்! துணி! துணிய்யா! பொறுக்கி, சாவப் போறடா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே ஓடினேன். ரோட்டில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை, என்ஜின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் இடுப்பு, யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்தமாதிரி தண்டை நோக்கி மடிந்தது. முடிச்சு அவிழவில்லை. உடம்பு குனிந்து, முகம் தண்டுக்குக் கிட்டே போனது. ஒரு கையால் மிஷின் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். பிறகு பர்ரென்று ஒரு சத்தம். மனிதர் துணியில்லாமல் சக்கரத்தின் மேல் போய் விழுந்தார்.

நான் ஏறி என்ஜினை அணைக்கும் கைப்பிடியை இழுத்தேன். சத்தம் நின்றபிறகும் தண்டு இரண்டு சுற்று சுற்றி நின்றது. அவர் உயிரோடு இருந்தார். என் புடவையில் பாதியைக் கிழித்து அவர் மேல் போட்டேன். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. இடுப்பைச் சுற்றி, துண்டு முடிச்சு இருந்த இடமெல்லாம் தோல் உரிந்து ஒரு வளையமாகச் சிவந்திருந்தது. காவடிக்காரர்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். அவர் மாலையைப் பிடித்துக்கொண்டு, "மால அறுந்துச்சா பாரு" என்று என்னைக் கேட்டார். அறுந்திருக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே அதை அறுத்திருப்பேன்.

தண்டில் சுற்றிய துணியை எடுக்கப் பாய் வந்தார். ரம்பம் வேண்டியிருக்கவில்லை. பிளேடு வைத்ததும் துண்டு துண்டாகக் கையோடு வந்தது. ஒரு துண்டை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப பழய துணிம்மா" என்று மட்டும் சொல்லி என் கையில் வைத்தார்.

வீட்டில் பேச்சு வேறு மாதிரிப் போனது. மாலை போட்ட சாமியை நடுரோட்டில் பொறுக்கி என்றும் டா என்றும் திட்டினவள் வீட்டுக்கு வேறு என்ன வரும் என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் கத்தினது காற்றடித்த பிறகுதானே என்று கேட்டேன், யாருக்கும் அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அழுகையாக வந்தது. ஆனால் சுவரோரம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மூச்சு விடுகிற மனிதரைப் பார்த்தால், அவர்கள் என்ன சொன்னால் என்ன என்று இருந்தது.

கிருத்திகை அன்று விடியற்காலையிலேயே ஊர் முழுக்க ஒலிபெருக்கி. காவடி எடுக்க முடியாது, வண்டிப் பாதையில் ஆட்டோவிலாவது மேலே போய்க் கும்பிட்டு மாலையைக் கழற்றுகிறேன் என்றார். தம்பி வந்திருந்தான். பாவாவின் தோளைப் பார்த்து அவன் கண் கலங்கினான். மாமியார் குளிக்க வெந்நீர் ஊற்றிக்கொண்டே, அத்தனை நாளில் முதன்முறையாக என் பக்கம் திரும்பிப் பேசினார்.

"அந்தப் புது வேட்டிய எட்த்தா. நல்ல வேள, நீ சொன்னியேன்னு அன்னிக்கி அத கட்டிகினு போகல. கிழிஞ்சி பூட்டிருக்கும்."

"ஆங் அத்த" என்றேன்.

உள்ளே போய் பூஜை அலமாரியைத் திறந்து வேட்டியை எடுத்தேன். கஞ்சி வாசனை போகவில்லை. கதவைச் சாத்தினேன். ஒரு முனையைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டு, மறு முனையைக் கையில் இரண்டு சுற்று சுற்றி, என் பலம் கொண்டமட்டும் இழுத்தேன். கை நரம்பு புடைத்தது. விரல் வெளுத்து உணர்வில்லாமல் போனது. திரும்பவும் காலை மாற்றி மிதித்து, முதுகை வளைத்து இழுத்தேன்.

கிழியவில்லை. ஓர் இழைகூட விலகவில்லை.

"உள்ள இன்னா பண்ற? நேரமாவுது" என்று வெளியிலிருந்து அவர் கூப்பிட்டார்.

வேட்டியை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒண்ணுமில்ல சாமி" என்றேன். "மடிப்பு எட்த்துகினு கீறன்."